சீட்டு கேட்ட பெண்ணும் கூரையில் நின்ற அண்ணனும்

இன்று நான் யார் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தேன் தெரியுமா? லெனோர் பாவ்லிக்! பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. இன்று மதியம் வரை எனக்கும் தெரியாது. ஆனால் 'ஹால்வே ரயட்' படத்தைப் பார்த்தவர்களிடம் "ஆரஞ்சுப் பட்டை போட்ட பொண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். உடனே கத்துவார்கள். அந்தப் பெண்தான். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். கையில் ஒரு பை பாப்கார்ன், காலில் பனி படிந்த பூட்ஸ். அவசரமாகத் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

படம் பார்க்காதவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புது ஹெட்மாஸ்டர் வருகிறார், பள்ளிக்கூடத்தில் ராக் இசை கூடாது என்று கிட்டார்களை எல்லாம் பூட்டி வைக்கிறார். பிள்ளைகள் மணி ஒயரை மாற்றி விடுகிறார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு பீரியட் மணிக்கும் கிட்டார் அலறுகிறது. கடைசியில் கேண்டீன் கூரை மேல் ஏறி ஒரு கச்சேரி. அவ்வளவுதான் கதை. வந்த காலத்தில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. ஆனால் எங்கள் ஓஹாயோவில், அதை எடுத்த ஊருக்கு அடுத்த ஊர்த் தியேட்டரில், மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் தவறாமல் ஓடுகிறது. பழைய ஃபிலிம் சுருளை வைத்துத் தியேட்டர்க்காரன் வெண்டல் ஓட்டுகிறான்.

இந்தக் காட்சிக்கென்று சில சடங்குகள் இருக்கின்றன. வாசலிலேயே ஆளுக்கொரு இளஞ்சிவப்புச் சீட்டு தருவார்கள். வகுப்பு நேரத்தில் வராந்தாவில் நடக்க வேண்டுமென்றால் டீச்சர் எழுதித் தரும் அதே சீட்டு. படத்தில், வராந்தாவைக் கண்காணிக்கும் மாணவிக்கான ஆரஞ்சுப் பட்டையைத் தோளில் போட்ட பெண் வந்து கதாநாயகனை மறித்து, "சீட்டு இல்லாம எங்க போற?" என்று கேட்பாள். அந்த நிமிஷம் அரங்கமே "நீ யாருடி கேக்க?" என்று கத்திக்கொண்டு சீட்டைக் கசக்கித் திரையில் எறியும். நான் இரண்டு வருஷமாக எறிகிறேன். குறி தப்பியதே இல்லை.

இன்று நான் போனது கொஞ்சம் தாமதம். கதவை ஒட்டிய ஓர இருக்கைகள்தான் மிச்சம். பக்கத்தில் இவர். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"முதல் தடவையா வரீங்க?" என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு. இந்தச் சீட்ட என்ன பண்ணணும்?"

கேட்டதுதான் தாமதம், நான் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். எங்கே கத்தணும், எங்கே காலைத் தட்டணும், எல்லாம். "ஒரு கோள்மூட்டி வருவா பாருங்க, மூஞ்சியப் பாத்தாலே எரிச்சல் வரும். அவ வந்ததும் கசக்கி ஒரே எறி!"

"மூஞ்சி அவ்வளவு மோசமா?"

"நேர்ல பாத்தா நீங்களே சொல்லுவீங்க."

"அவ பேரு என்ன?"

"பேரா? அது யாருக்குத் தெரியும்."

சிரித்தார். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்!

மீதிக் கதை எல்லாம் படம் முடிந்து எதிர்க்கடையில் காபி குடித்தபோது அவர் சொன்னது. ஆனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அப்புறம் நடந்தது உங்களுக்குப் புரியாது.

லெனோர் நடிக்கவே இல்லை! அந்தப் பள்ளியில் பதினோராவது படித்துக்கொண்டிருந்தார், நிஜமாகவே வராந்தா கண்காணிப்பு அவர் வேலை. படப்பிடிப்பு சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம்தான் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்கள். காமிரா பரிசுக் கோப்பைகள் வைத்த அலமாரிக்குப் பின்னால் இருந்தது. எவனோ ஒரு பையன் சூயிங்கம் மென்றுகொண்டு வகுப்பு நேரத்தில் நடந்து வந்தான். அவன்தான் படத்தின் கதாநாயகன் என்று தெரியாமல் மறித்துச் சீட்டுக் கேட்டார். அவன் இவருடைய பட்டையைக் கழற்றிப் பள்ளிச் சின்னமான ஆந்தைப் பொம்மைக்கு மாட்டிவிட்டுப் போனான். டைரக்டருக்கு அது பிடித்துப்போய்விட்டது.

முதல் காட்சிக்கு ஊரே வந்திருந்தது. லெனோர் சித்தி தைத்த புது கவுனில் வந்திருந்தார். அந்தக் காட்சி வந்ததும் கணக்கு வாத்தியார் முதல் பாதிரியார் வரை விழுந்து விழுந்து சிரித்தார்கள். லெனோர் பாதிப் படத்தில் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவரை எங்கே பார்த்தாலும் அதே கேள்விதான். மளிகைக் கடையில், கல்யாணத்தில், பல் டாக்டர் நாற்காலியில்கூட. "என் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன் எழுந்து வாழ்த்துச் சொல்றதுக்குப் பதிலா அதத்தான் கேட்டான்" என்றார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பேருந்தில் மட்டும் நிம்மதியாம். அந்த வயசுப் பிள்ளைகள் யாரும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

சரி, அப்படிப்பட்டவர் இன்று ஏன் வந்தார்? அண்ணனுக்காக.

அண்ணன் ரூடி. கூரைக் கச்சேரியில் இடது ஓரத்தில் கிட்டாரோடு நிற்பவர். அந்தப் பாட்டே அவருடைய குழுவின் பாட்டுதான். ஆனால் பாட்டின் உரிமைக்காக ஊர்ப் பையன்களிடம் யாரும் ஒழுங்காகக் கையெழுத்து வாங்கவில்லை. வீடியோவாக வெளியிட்டபோது வம்பு எதற்கு என்று அந்தப் பாட்டை அப்படியே வெட்டிவிட்டார்கள். டிவியிலும் இல்லை, டிவிடியிலும் இல்லை. வெண்டல் ஓட்டும் ஃபிலிம் சுருளில் மட்டும்தான் இருக்கிறது. ரூடி இருந்தவரைக்கும் தங்கையைக் கேலி செய்துகொண்டே இருப்பாராம்: "லெனி, எனக்குக் கிடைச்சதே ஒரு நிமிஷம். அதையும் பாக்காம ஓடிட்டியேடி. கடைசில உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன், போய்ப் பாரு." கேலிக்காகத்தான் கூப்பிடுகிறார் என்று இவர் போகவே இல்லை. மூன்று குளிர்காலத்துக்கு முன் ரூடிக்கு மாரடைப்பு.

போன வெள்ளி சர்ச்சில் மீன் வறுவல் விருந்து. யாரோ தட்டு கழுவிக்கொண்டே ரூடியின் பாட்டை முணுமுணுத்தார்கள். லெனோருக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. அண்ணன் வாசிக்கும்போது எந்தக் காலால் தாளம் போடுவான்? இடதா, வலதா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. "அது எப்படி மறந்துபோச்சுன்னு தெரியல. வீட்டுக்கு வந்து சோஃபால உக்காந்து அழுதேன்" என்றார். காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அதைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் முன்னூறு பேர் தன்னைப் பார்த்துக் கத்துவதைத் தாண்ட வேண்டும். அதனால்தான் கதவோரம். அதனால்தான் கழற்றாத கோட்.

இப்போது அரங்கத்துக்குத் திரும்புகிறேன். அந்தக் காட்சி வந்தது. "சீட்டு இல்லாம எங்க போற?"

"நீ யாருடி கேக்க!"

நானும் கத்தினேன். எறிந்தேன். எறிந்த வேகத்தில் திரும்பி, "எறிங்க, எறிங்க!" என்றேன். அவர் எறியவில்லை. சீட்டு மடியில் விரித்தபடி கிடந்தது. திரையில் அந்தப் பெண் வாயைத் திறந்தபடி நிற்கிறாள், முன்பல்லில் இடைவெளி. பக்கத்தில் அதே முகம்.

"கொஞ்சம் வழி விடு கண்ணு" என்று எழுந்தார்.

நான் எழுந்து ஒதுங்கினேன். என்ன சொல்வது? "சாரி"யா? அவர் கதவின் கம்பியில் கை வைத்தார். நம்ப மாட்டீர்கள், அதைத் தள்ளவே இல்லை. வெளி வெளிச்சம் ஒரு கோடு மாதிரி அவர் பூட்ஸ் மேல் விழுந்திருந்தது. பின்னால் எவனோ, "ஏய், கதவ மறைக்காத, உக்காரு பெரியம்மா!" என்றான்.

"உக்கார்றேன்டா, கத்தாத" என்றார் இவர், பேருந்து ஓட்டியவர் குரலில். அவன் கப்சிப்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டார்.

"அது நான்தான்" என்றார்.

"தெரியுது."

"மூஞ்சி மோசம்தான்."

"இல்லங்க…"

"சும்மா இரு. கடைசில என் அண்ணன் வருவான். அவன் காலப் பாக்கணும். நீயும் பாரு, எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

அப்புறம் ஒரு மணி நேரம் நான் படத்தையே பார்க்கவில்லை. அந்தக் கடைசிப் பாட்டுக்காகக் காத்திருந்தேன். கூரை வந்தது. டிரம் தொடங்கியது. இடது ஓரத்தில் சட்டைக்கை கிழிந்த ஒரு ஒல்லிப் பையன்.

"கால் எது, கால் எது?" என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பார்த்தேன். எந்தக் காலும் ஆடவில்லை! முட்டிதான். வலது முட்டி கிட்டாரின் அடிப்பக்கத்தை முட்டி முட்டித் தாளம் போடுகிறது. "முட்டிங்க! முட்டியால அடிக்கிறாரு!"

"ஐயோ, ஆமா!" என்று சத்தமாகச் சிரித்தார். "ஆமா, முட்டி! எல்லா பேண்டும் அந்த இடத்துலதான் கிழியும். அம்மா திட்டிட்டே தைப்பாங்க!"

அப்புறம்தான் நான் சொல்ல வந்ததே. பாட்டின் நடுவில் அந்தப் பையன் கீழே யாரையோ பார்ப்பான். விரலை உதட்டில் வைப்பான். வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டுவான். கீழே இடது பக்கம் கை நீட்டுவான். எங்கள் கூட்டத்துக்கு அது ரொம்பப் பெரிய விஷயம். அந்த இடத்தில் முன்னூறு பேரும் எழுந்து நின்று அதையே திருப்பிச் செய்வோம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. 'சத்தமில்லாமல் வரும் புரட்சி, அது பசித்திருக்கிறது' என்று நானே இணையத்தில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன்.

இன்றும் எல்லாரும் எழுந்தார்கள். உதட்டில் விரல். வயிற்றில் இரண்டு தட்டு. பிறகு அத்தனை கையும் இடது ஓரம், கதவுப் பக்கம், எங்கள் பக்கம் நீண்டது. லெனோர் பயந்தே போய்விட்டார். கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தாராம்.

"இது வழக்கம்ங்க. அவருக்குத்தான் செய்யறாங்க. உங்க அண்ணனுக்கு. ஒவ்வொரு மாசமும்."

"ஒவ்வொரு மாசமுமா?"

"ஒவ்வொரு மாசமும்."

அவர் எழுந்து நின்று திரையைப் பார்த்தார். தன் விரலை உதட்டில் வைத்தார். அவர் செய்தபோது பாட்டு முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்திருந்தன. நான் அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன்.

வெளியே வரும்போது வாசலில் வெண்டல், வழக்கம்போல ஆரஞ்சுப் பட்டை மாட்டிக்கொண்டு நின்றான். லெனோர் கையில் கசங்காத சீட்டைப் பார்த்துவிட்டு, "என்ன பெரியம்மா, எறியலையா? எறியாதவங்கள வெளிய விடறதில்ல" என்று வம்பிழுத்தான்.

லெனோர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "என்கிட்டதான் சீட்டு இருக்கே. நீ சீட்டு இல்லாம எங்க போற?"

அதே குரல்! வெண்டல் கையிலிருந்த சோடா கீழே விழுந்தது. அப்புறம் அவன் அவரை விடவே இல்லை. பட்டையைக் கழற்றி அவருக்கு மாட்டப் போனான். "வேணாம், அந்த ஆந்தைக்கே மாட்டு" என்று சொல்லிவிட்டார்.

காபிக் கடையில்தான் அந்தச் சைகைக்கு அர்த்தம் கேட்டேன். புரட்சி, பசி என்று நான் எழுதியதையெல்லாம் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

"அன்னிக்கு அவன் மளிகைக் கடை வேலைல இருக்க வேண்டியவன். அம்மா சாப்பாடு குடுத்து அனுப்பினாங்க. கடைல ஆளக் காணோம். ஸ்கூல் பக்கம் ஒரே சத்தமா இருந்துது, போய்ப் பாத்தா மேல நிக்கிறான். நான் கீழ சாப்பாட்டு டப்பாவோட நிக்கிறேன். 'அம்மாகிட்ட சொல்லாத, சாப்பாட்ட நீயே சாப்பிட்டுடு'ன்னு சைகை காட்டினான். அவ்வளவுதான். அத காமிரா பிடிச்சிருக்கும்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."

"சாப்பிட்டீங்களா?"

"பின்ன? கறி வச்ச ரொட்டி. ரெண்டு. வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாங்க, சாப்பிட்டானான்னு. நல்லா சாப்பிட்டான்னு சொன்னேன்." காபியைக் கலக்கினார். "அம்மா சினிமாவே பாக்க மாட்டாங்க. கடைசி வரைக்கும் தெரியாது."

முன்னூறு பேரும் கோள்மூட்டி என்று நினைத்துக் கத்துகிறோமே, அவர் அம்மாவிடம் இதைச் சொல்லாமலேயே இருந்திருக்கிறார்!

அடுத்த மாதம் சீட்டு எறிவதை நிறுத்தச் சொல்லவா என்று கேட்டேன். முறைத்தார். "நிறுத்தினா எனக்குக் கெட்ட கோவம் வரும். நானும் எறியணும். இந்தத் தடவை கை வரல."

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இதை ஹால்வே ரயட் கூட்டம் முழுக்க அனுப்புங்கள். முதல் ஞாயிறு மதியக் காட்சிக்கு வாருங்கள். சீட்டை நன்றாகக் கசக்கி எறியுங்கள், அந்தப் பெண்ணின் பெயர் லெனோர் என்று தெரிந்துகொண்டு எறியுங்கள். கூரைப் பாட்டில் இடது ஓரப் பையனின் முட்டியைப் பாருங்கள், அவர் பெயர் ரூடி. அவர் கை நீட்டும்போது நீங்களும் கதவுப் பக்கம் கை நீட்டுங்கள். அந்த ஓர இருக்கையை மட்டும் யாரும் பிடிக்காதீர்கள், அதில் ஆள் வருகிறார்.