சிரிக்காமல் வாசித்த வரி

கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்தத் தெரு வைத்த பெயர் 'வசனம்'. மூக்குக்கண்ணாடி விற்கிறவருக்கு இப்படி ஒரு பெயரா என்று கேட்பவர்கள் ஒரு தடவை அவர் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். மற்ற கடைகளில், படிக்கிற கண்ணாடிக்கு அளவு பார்க்க அச்சடித்த அட்டை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகப் பொடி எழுத்து, எல்லாம் உப்புச்சப்பில்லாத வாக்கியங்கள். நம்மவர் அந்த அட்டையைத் தானே எழுதிக்கொள்வார். காலையில் பேப்பரில் கண்ட வரி, பழைய வார இதழில் கிடைத்த துணுக்கு, மனைவி கோபத்தில் கொட்டியது, மகள் தூக்கக் கலக்கத்தில் உளறியது, எல்லாம் அதில் ஏறிவிடும். எந்த வரி வரைக்கும் சிரிப்பு வருகிறதோ, அதுவரைக்கும் பார்வை சரி என்பது அவர் கணக்கு.

"இந்த வீட்ல வாயைத் திறக்கவே பயமா இருக்கு," என்பாள் மனைவி. "தலை வலிக்குதுன்னு சொன்னாக்கூட அதை எவனோ கடையில உட்கார்ந்து படிச்சுச் சிரிக்கிறான்."

"நீ சொல்ற அழகு அப்படி. பழியைத் தூக்கி என் மேல போடாதே," என்பார் அவர். சொல்லிக்கொண்டே அதையும் எழுதிக்கொள்வார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நல்ல வரி ஒன்று காதில் விழுந்துவிட்டால் பாவம், அதற்குப் பிறகு அவருக்கு வேறெதுவும் கேட்காது. வினை அங்கேதான் இருந்தது.

மகள் இரண்டாம் வகுப்பு படித்தாள். வாய் மட்டும் பத்தாம் வகுப்பு. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, பீரோவுக்குப் பின்னாடி சுவரு சிரிக்குதுப்பா. முதல்ல உதடு மட்டும்தான் தெரிஞ்சுது. இப்ப பல்லும் தெரியுது."

அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார். "வந்து பாருங்கப்பா," என்று அவள் கையைப் பிடித்தாள். "இரு இரு, மறந்துடப் போறேன்," என்று எழுந்து பேனாவைத் தேடப் போனார். மறுநாள் காலை அது அட்டையில் ஏறியது. வந்தவர்கள் எல்லாரும் அந்த வரியில் சிரித்தார்கள். ஒருவர் கண்ணாடி வாங்காமலே இரண்டு தடவை படித்துவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து ஒரு மதியம், தெருவுக்குப் புதிதாக வந்த தையல்கார அம்மா ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று கடைக்கு வந்தார். அன்று காலை பேப்பரில் ஒரு பொறியாளர் சொன்ன வரி வந்திருந்தது. ஓசை பிடித்துப்போய், நம்மவர் அதையும் அட்டையில் சேர்த்திருந்தார். இடம் இருந்தது மகளின் வரிக்கு நேர் மேலே.

அளவுக் கண்ணாடியை மாட்டிவிட்டு அட்டையைக் கொடுத்தார். அதில் போட்ட கண்ணாடிச் சில்லின் பவர் இன்னும் பொருந்தவில்லை. அந்த அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"எந்தக் கட்டடமும்... திடீரென்று... விழுவதில்லை. முதலில்... சொல்லிவிட்டுத்தான்... விழும்."

"அடுத்தது படிங்கம்மா."

"சுவரு... சிரிக்குது. முதல்ல... உதடு... மட்டும்தான்... தெரிஞ்சுது. இப்ப..." கண்ணை இடுக்கிக்கொண்டார். "பல்லும்... தெரியுது."

அந்த அம்மா சிரிக்கவில்லை. எழுத்தைப் பிடிக்கப் படுகிற பாட்டில் சிரிக்க நேரமில்லை. அந்த வரியைச் சிரிப்பில்லாமல் வசனம் கேட்டது அதுதான் முதல் தடவை. உதடு என்றால் பூச்சு வெடித்திருக்கிறது. பல் என்றால் செங்கல்.

"சரியாப் படிச்சேனா?" என்றார் தையல்கார அம்மா.

"சரியாத்தான்மா படிச்சீங்க."

மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் போன மாதம் கூரைமேல் பெரிய தண்ணீர் டேங்க் வைத்தது நினைவுக்கு வந்தது. அது அந்தச் சுவருக்கு நேர் மேலேதான் இருக்கிறது. சுவரில் ஈரம் இறங்கியதையும் பீரோ கதவு தானாகத் திறந்துகொள்வதையும் அவரே பார்த்திருந்தார். அன்று பள்ளிக்கூடம் லீவு. சாப்பிட்டதும் மகள் அந்த பீரோ முன்னால்தான் பாய் விரித்துப் படுப்பாள்.

வீட்டுக்குப் போன் போட்டார்.

"பாப்பா எங்க?"

"தூங்குறா. ஏன்?"

"உடனே வெளியே தூக்கிட்டுப் போ. சுவர் விழப் போகுது."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "இது பேப்பர்ல வந்ததா, நீங்களே கட்டுனதா?"

"விளையாடலடி, சத்தியமா சொல்றேன்."

"போன வாரம் வீட்டுக்குள்ள பாம்புன்னு இதே சத்தியத்தைத்தானே பண்ணீங்க? நான் பதறி என்ன சொல்றேன்னு எழுதிக்கத்தானே? அடுப்புல பால் இருக்கு, வைக்கிறேன்."

மறுபடி அடித்தார். அவள் எடுக்கவில்லை. புலி வருது புலி வருது என்று கத்தியவன் கதைதான். தையல்கார அம்மாவை அளவுக் கண்ணாடியோடு அப்படியே விட்டுவிட்டு, கடையைச் சாத்தாமல் ஓடினார். "என்ன வசனம், ஓட்டப்பந்தயமா?" என்றான் டீக்கடைக்காரன். திரும்பிப் பார்த்தால் கால் நின்றுவிடும் என்று பயந்தார். நான் போய்ச் சேருவதற்குள், நான் போய்ச் சேருவதற்குள் என்று மனசுக்குள் ஓடியதே தவிர, அந்த வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை. முடிக்கவும் துணிவில்லை.

மகள் பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பீரோவுக்குப் பின்னால், கிழிந்த மூட்டையிலிருந்து அரிசி கொட்டுவதுபோல ஏதோ உதிர்ந்துகொண்டிருந்தது. அவளை வாரி எடுத்தார். கரண்டியோடு வந்த மனைவி ஏதோ கேலி பேச வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பீரோவின் ஓரமாகத் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். கையை நுழைக்கலாம் போலப் பிளவு. அவள் கத்தவில்லை. நேராக மாடிப்படிக்குப் போனாள்.

"அண்ணே! அக்காவைக் கூட்டிக்கிட்டு இறங்கி வாங்க! சுவர் விழப் போகுது!"

"இது வசனம் சொல்லிக் கொடுத்ததாம்மா?" என்று மேலிருந்து சிரித்தார் வீட்டுக்காரர்.

"அவர் சொன்னா நம்பாதீங்க. நான் சொல்றேன், இறங்குங்க!"

எல்லாரும் எதிர்ச்சாரியில் போய் நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. வீட்டுக்காரருக்குக் கோபம் ஏறியது. "குடியிருக்கிறவரே என் வீட்டுக்குக் கெட்ட பேரு வாங்கித் தர்றாரே. சாப்பாட்டுல கை வைக்கப் போனேன், எழுப்பிட்டீங்க," என்று படியை நோக்கித் திரும்பினார். வசனம் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்ணே. உங்க காலைக்கூடப் பிடிக்கிறேன்," என்று எல்லார் முன்னாலும் அழுதார்.

வீட்டுக்காரர் கையை உதறுவதற்குள் சுவர் போய்விட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. களைத்துப்போன ஆள் உட்கார்வதுபோல அது அப்படியே உட்கார்ந்தது. டேங்க் அதன்மேல் வந்து விழுந்து உடைந்தது. புழுதி அடங்கியபோது, திறந்து கிடந்த அறையில் பீரோ குப்புற விழுந்திருப்பது தெரிந்தது. பாயின் ஒரு நுனிதான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மனைவி அந்த நுனியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு சாக்கடை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் தலையையும் முதுகையும் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஏன்டா கண்ணு, பயமா இருக்குன்னு அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்லியிருந்தா அன்னைக்கே வந்து பார்த்திருப்பேனே."

மகள் தூக்கம் கலையாத கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"சொன்னேனேப்பா," என்றாள். "நீங்க எழுதிக்கிட்டீங்க."