எஞ்சினுக்கு ஒத்தடம்

அக்காவுக்கு டீச்சர் வேலை கிடைத்த அன்று எங்கள் வீட்டில் யாரும் குதிக்கவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய மோட்டார் சைக்கிளைத்தான் திரும்பிப் பார்த்தோம்.

வேலை மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில். தற்காலிகம்தான். ஆனாலும் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இரண்டு வருடமாகத் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையேறிக்கொண்டிருந்தவளுக்கு அது சின்ன விஷயமா? சிக்கல் என்னவென்றால், அந்தப் பாதையில் பஸ் கிடையாது. நடந்தால் காலையில் இரண்டு மணி நேரம், விடிந்த பிறகு கிளம்பினால் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர முடியாது, மழை பெய்தால் அட்டைக்கடி இலவசம். அவளுக்கு முன்னால் அங்கே இருந்த டீச்சர் நடந்து நடந்து தினமும் லேட்டாகி, கடைசியில் வேலையையே விட்டுப் போயிருந்தார். அதனால் தலைமையாசிரியர் அக்காவிடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: "திங்கக்கெழம மணி அடிக்கிறப்ப நீங்க கிளாஸ்ல இருக்கணும்மா. மொத நாளே லேட்டுன்னா, எனக்கு வேற ஆளு ரெடியா இருக்கு."

ஆக, மோட்டார் ஓடியாக வேண்டும்.

அது ஐம்பதுகளில் கப்பலேறி வந்த வெள்ளைக்கார டூ ஸ்ட்ரோக். எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதிய பழைய கிராணி வேலையை விட்டுப் போகும்போது அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனது. பல வருடமாக எங்கள் கோழிகள் அதன் சீட்டுக்கடியில்தான் முட்டையிட்டன. அதை ஓட்டியே தீருவேன் என்று கிளம்பியவள் அக்காதான். லைசென்ஸ்கூட எடுத்து வைத்திருந்தாள். நான் அப்போது ஈப்போவில் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தேன். என் கையைவிட வாய் ரொம்ப நீளம். லீவு கிடைக்கும்போதெல்லாம் மலையேறி வந்து, நான் பாடம் நடத்த அவள் நட்டு கழற்ற, இப்படியே முழு எஞ்சினையும் பிரித்துக் கழுவித் திரும்பக் கோத்துவிட்டோம். பாக்கி ஒன்றே ஒன்று. கிளட்ச் பக்கத்து ஆயில் சீல்.

பார்த்தால் கைக்குழந்தைக்குப் போடும் ரப்பர் வளையல் மாதிரி இருக்கும். உள்ளே உதடு போல மெல்லிய ஓரம். அந்த உதடு சுழலும் கிராங்க் தண்டைச் சுற்றி இறுகக் கவ்விக்கொள்ள வேண்டும். கவ்வவில்லை என்றால் கியர் பெட்டியில் இருக்கும் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிக் குடித்துவிட்டு வெள்ளை வெள்ளையாகப் புகைவிடும். சமதரையில் எப்படியாவது ஊரும். எங்கள் மலையில் ஒரு மேடுகூட ஏறாது. ஈப்போவில் பழைய சாமான் கடை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே பின்கட்டில் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார், இதுதான் கடைசி என்று. பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தேன்.

நான் வந்து இறங்கிய சனிக்கிழமை சரஸ்வதி பூசை.

அம்மா விடுவாளா? ஸ்பேனர், திருப்புளி, சுத்தியல், கொழுந்துக் கூடை, அப்பா ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் டார்ச்லைட், அக்காவின் புத்தகங்கள், என் டிராயிங் பெட்டி எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டன. ஆயில் சீலும் ஒரு துண்டு வாழை இலையில் உட்கார்ந்திருந்தது.

"அம்மா, அந்த வளையத்த மட்டும் குடு. இன்னைக்கே மாட்டிர்றேன்."

"பூசையில வச்சத நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

"சாமி என்ன, அதப் போட்டுக்கிட்டுத் தானா ராத்தா டவுனுக்கு மோட்டார்ல போகப் போறாரா?"

"கன்னத்துல போட்டுக்க. ஈப்போவுல இதத்தான் சொல்லிக் குடுக்குறானுங்களா?"

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுலா. ஒரு நாளுதானே. நானே புஸ்தகத்தத் தொடாம ஒக்காந்திருக்கேன். நீ பெரிய துரை!"

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல குளிர். கற்பூர வாசனையோடு சாமான்கள் எங்கள் கைக்கு வந்தன. எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். சீலின் முகத்திலும் ஒன்று. அதைத் துடைத்துவிட்டு, கிரீஸ் தடவி, ஸ்பிரிங் பக்கம் எஞ்சினுக்குள் பார்க்கும்படி வைத்து, அதே அளவுள்ள ஓர் இரும்பு வளையத்தை மேலே வைத்துத் தட்டினேன். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு உள்ளே இறங்கியது. மூடியைப் போட்டு, எண்ணெய் ஊற்றியதும் அக்கா உதைத்தாள். ஐந்தாறு உதையில் பிடித்துக்கொண்டது!

நாங்கள் இருவரும் போட்ட கூச்சலில் கோழிகள் ஓடின. அப்பா குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத் துண்டோடு வந்து நின்றார்.

அப்புறம்தான் புகை வந்தது. முதலில் ஒரு நூல். பிறகு எங்கள் லயத்து வீட்டு வரிசையின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை வெள்ளைப் போர்வை. எதிர் லயத்திலிருந்து ஒரு குரல்: "என்ன தம்பி, கொசு மருந்தா? எங்க வீட்டுப் பக்கமும் ஒரு சுத்து அடிச்சிட்டுப் போ!"

அணைத்தோம். மூடியைக் கழற்றினோம். அப்பா டார்ச் பிடிக்க, நான் குனிந்து பார்த்தேன். சீலின் உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவில், கிரீஸோடு கிரீஸாக, மஞ்சளாக ஏதோ பிசுபிசுத்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். சந்தனம்.

"அம்மா! இந்த வளையத்துக்குப் பொட்டு எங்கெங்க வச்ச?"

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "வெளிய ஒண்ணு. உள்ள சுத்தி நாலு."

"உள்ள எதுக்கு?"

"ஆட்டுரல் குழிக்கு நாலு பக்கமும் வைக்க மாட்டோம்? அந்த மாதிரிதான்."

"இது ஆட்டுரலா?"

அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். "சுத்துற சாமான்தானே? நீதானே நேத்து சொன்ன, இதுக்கு நடுவுல ஒண்ணு சுத்தும்னு."

சொல்லியிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கயிற்றில் மறுநாளைக்காக இஸ்திரி போட்ட சேலை தொங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு நான் எப்படிம்மா போவேன்?" என்றாள்.

அம்மா கரண்டியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாக, "உள்ள நாலு இல்லடி, அஞ்சு வச்சேன். நாலு அதுக்கு. அஞ்சாவது ஒனக்குன்னு வேண்டிக்கிட்டு வச்சது" என்றாள்.

நான் மறுபடியும் எஞ்சின் பக்கம் குனிந்தேன்.

ஆயில் சீலை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடியும் போட்டால் சரியாகிவிடும். ஆனால் உட்கார்ந்த சீலை நெம்பி எடுத்தால் பெரும்பாலும் கிழிந்துதான் வரும். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் இல்லை, கடை இருந்தாலும் இன்னொரு சீல் இல்லை. சூடு காட்டினால் சீல் உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கூடு விரிந்து பிடி தளரும். அது எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். எதை வைத்துச் சூடு காட்டுவது? விறகுக் கொள்ளியைப் பக்கத்தில் கொண்டுபோனால் ரப்பர் உருகிவிடும்.

"ஃபேக்டரியில எதாச்சும் இருக்காப்பா?"

"ஸ்டோர் சாவி துரைகிட்ட. துரை எந்தப் பக்கம் போயிருக்காரோ" என்றார் அப்பா.

அக்கா படியிலிருந்து எழுந்தாள். "டேய், எவ்வளவு சூடு வேணும்?"

"கை பொறுக்காத அளவு வேணும். ஆனா நெருப்புப் படக் கூடாது."

"அப்ப ஒத்தடம் குடுக்கலாமே. அம்மா இடுப்புக்கு நாம குடுப்போமே, அந்த மாதிரி."

"மோட்டாருக்கு இடுப்பு வலியா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பே இல்லை.

குளிப்பதற்குக் கொதித்துக்கொண்டிருந்த டின் தண்ணீர் வந்தது. நான் குளிக்காமல் போனால் லயத்துக்கே நஷ்டம் என்று அக்கா சொன்னாள். அம்மா கரண்டியை வைத்துவிட்டுப் பழைய துண்டுகளோடு வந்து எஞ்சின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முக்குவாள், பிழிவாள், கூட்டைச் சுற்றிப் போர்த்தி உள்ளங்கையால் அழுத்துவாள். மலையில் குனிந்து குனிந்து கொழுந்து பறித்த இடுப்புகளுக்கு அவள் ஒத்தடம் கொடுக்கும் அதே அழுத்தம்.

"இங்கயா? இன்னும் கொஞ்சம் கீழயா?"

"அதுகிட்டயே கேளும்மா."

"கேக்குறேன், வாயத் தொறக்க மாட்டேங்குது. பேரென்னடா இதுக்கு? சீலா? இந்தா சீலு, நல்ல புள்ளயா வெளிய வந்துரு."

அப்பா விளக்குப் பிடித்தபடி தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். துண்டு ஆறுவதற்குள் அடுத்த துண்டு. அம்மாவின் கை சிவந்துவிட்டது, நிறுத்தச் சொன்னாலும் கேட்கவில்லை. டின்னில் தண்ணீர் அடி தட்டும் நேரத்தில், இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கரண்டியின் காம்பைக் கொடுத்து லேசாக நெம்பினேன். ஒரு மயிரிழை அசைந்தது. இன்னொரு துண்டு போட்டோம். 'ப்ளக்' என்று முழுசாக வெளியே வந்தது.

அக்கா அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, சேலைத் துணிக் கிழிசலால் உதட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். உதட்டில் நகம் பட்டதுபோல் ஒரு கோடு. மெல்லிய கோடுதான். ஆனாலும் கோடு.

"தாங்குமா?" என்றாள்.

ஈப்போவில் யாராவது கேட்டிருந்தால் தூக்கிப் போடு என்றிருப்பேன். "தாங்கலாம்" என்றேன்.

"அப்ப தள்ளிக்க. என் மோட்டாரு, நான் போடுறேன்."

தண்டைத் துடைத்தாள். உதட்டில் எண்ணெய் தடவினாள். கூடு ஆறுவதற்குள் இரண்டு கட்டைவிரலாலும் சுற்றிச் சுற்றி அழுத்தினாள். சுத்தியலே தேவைப்படவில்லை, கோணாமல் போய் உட்கார்ந்தது. மூடி போட்டு உதைத்தபோது முன்பு உறிஞ்சிய எண்ணெய்ப் புகை கொஞ்ச நேரம் வந்தது. பிறகு இளைத்தது. பிறகு, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற அளவு. எதிர் லயத்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு உள்ளே போனார்.

மேட்டில் ஓட்டிப் பார்க்க நினைத்தோம், மழை வந்துவிட்டது. அதனால் அந்த மேடு திங்கட்கிழமைக்கே பாக்கி இருந்தது.

திங்கள் காலை பனி இறங்கியிருந்தது. அக்கா அப்பாவின் கால்சட்டைக்கு மேல் சேலையைக் கட்டி முழங்கால் வரை தூக்கிச் செருகி, சாப்பாட்டுப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். "ஒன்னப் பாத்தா டீச்சர் மாதிரி இல்ல, மீன் யாவாரி மாதிரி இருக்கு" என்றேன். ஹெல்மெட்டோடு திரும்பி நாக்கைத் துருத்தினாள். போய்விட்டாள்.

பனியில் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். பாலம் வரை தெளிவாகக் கேட்டது. பிறகு ஃபேக்டரிக்கு அப்பால் அந்த மேடு. சத்தம் தடித்தது, இழுத்தது, சட்டென்று நின்றது. அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

"நின்னுருச்சாடா?"

"கியர் மாத்துறாம்மா."

எனக்கும் தெரியாது, சும்மா சொன்னேன். மறுபடியும் சத்தம் வந்தது, இன்னும் தடித்து. மேலே, மேலே, மலையின் தோளைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, ஒன்றும் கேட்காமல் போயிற்று. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா கூடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மூன்று மணி வாக்கில் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து, கூடையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றாள். மோட்டார் வளைவில் திரும்பி வந்தது. அக்காவின் சேலை முந்தானையில் எண்ணெய்ப் புள்ளி, மூக்கில் கரி.

"மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டேன்" என்றாள் இறங்காமலே. "ஸ்கூல் கேட்டுகூட இன்னும் தொறக்கல. ரெண்டாங்கிளாஸ் குடுத்திருக்காங்க. பசங்க பாடத்த விட்டுட்டு ஜன்னல் வழியா மோட்டாரையே பாக்குதுங்க."

"தலமையாசிரியர் என்ன சொன்னாரு?" அம்மா கேட்டாள்.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துருவீங்களான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"மோட்டாரக் கேட்டுச் சொல்றேன்னேன்."

"அடிப் பாவி! அப்படியா சொன்ன?"

"இல்லம்மா" என்று அக்கா எஞ்சினை அணைத்தாள். "வருவேன்னு சொன்னேன்."