சூட்டிக்கும் சேர்த்து ஒரு விரதம்

எங்க மதினி விஜயகலாவுக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா எங்கண்ணனே நெளிவாரு. ஊருக்குப் போறவங்க வீட்டுல காவலுக்குப் படுத்துக்கிறது, அவங்க நாய்க்குச் சோறு போடுறது, அவ்வளவுதான். நான் மழையில நனைஞ்சு தேயிலைக் கொழுந்தெடுக்கிறேன், இவ மெத்தையில உக்காந்து நாயோட டிவி பாக்குறா! வயிறு எரியாதா?

ஆனா சும்மா சொல்லக் கூடாது, கைராசிக்காரி. தோட்டத்து லயத்துல குடியிருக்கிற எங்க ஆளக் கண்டாலே பாய்ஞ்சு வர்ற நாயெல்லாம் அவ முன்னாடி வாலைக் குழைச்சுக்கிட்டு உக்காந்திரும். ஓப்பநாயக்க ஊருப் பக்கம் பத்து வீட்டுல அவளத் தேடுவாங்க. ஒரே ஒரு குறை. எல்லாரும் சமைக்கிற குசினிக்கும் முன் ஹாலுக்கும் மட்டும் சாவி குடுத்துட்டு, உள் அறையெல்லாம் பூட்டிட்டுத்தான் போவாங்க. வாய் விட்டுச் சொல்ல மாட்டா, ஆனா அது அவளுக்கு உறுத்தும்.

சந்திராணி நோனாதான் முதல் தடவையா முழுச் சாவிக்கொத்தையும் கையில குடுத்தாங்க. ரிட்டயரான சிங்கள டீச்சரம்மா, அதான் நோனாங்கிறது; வீட்டுல தனி ஆள். மகளோட பிரசவத்துக்குக் கொழும்புக்குக் கெளம்பினப்போ, "வீடும் சூட்டியும் உன் பொறுப்பு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. சூட்டின்னா சிங்களத்துல சின்னவன். சின்னவனா அவன்? நாய்னு சொன்னாத்தான் நாய், கன்னுக்குட்டி கணக்கா இருப்பான்! மதினி அந்தக் கொத்த ஊக்குல மாட்டி இடுப்பிலயே வச்சிருந்தா. "பாத்தியா, அலுமாரிச் சாவி கூட இருக்கு"ன்னு எத்தனை தடவ என்கிட்ட காட்டியிருப்பா!

அந்த நேரம் பாத்து எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில்ல திருவிழா. மதினி காப்புக் கட்டிக்கிட்டா. கட்டினா ஒன்பது நாளைக்குக் கவுச்சி கூடாது. அடுப்புல ஏத்தவும் கூடாது, கையால தொடவும் கூடாது. சரி, நீ விரதம் இரு, யாரு வேணாங்கிறா? இந்தப் புத்திசாலி என்ன செஞ்சா தெரியுமா? "இப்ப இந்த வீட்டு அடுப்பும் என் அடுப்புதானே"ன்னு, கோழித்தலை தின்னு வளர்ந்தவனுக்குப் பருப்பும் பூசணிக்காயும் பிசைஞ்சு வச்சா.

முதல் நாள் மோந்து பாத்துட்டு அவ மூஞ்சியப் பாத்தானாம். ரெண்டாம் நாள் திரும்பிப் படுத்துக்கிட்டானாம். மூணாம் நாள் தட்டைக் கவுத்துட்டான். நாலாம் நாள் காலையில வேலியத் தாண்டி ஆளையே காணோம்.

தேயிலைக்குள்ள, ஆத்தோரம், பஸ் நிக்கிற எடம்னு அன்னைக்கு முழுக்கக் கத்திக்கிட்டுத் திரிஞ்சா. சாயங்காலம் நோனா வீடியோ கோல் எடுத்து, "சூட்டியக் காட்டு"ன்னாங்க. "தூங்குறான் நோனா"ன்னுட்டா. போனை வச்சதும் ஓன்னு அழுதா. "நம்பிக் குடுத்தாங்களே புள்ள. இனி லயத்தாளுக்கு யாரு சாவி குடுப்பா?"

மறுநாள் கேட்டேன், "மக்கீன் நானாவோட கோழிக்கடைப் பக்கம் பாத்தியா?"

"காப்போட கோழிக்கடைக்கு எப்படிப் புள்ள போறது?"

வந்துச்சே எனக்குக் கோவம்! "ஊரெல்லாம் தேடுவ, கறி இருக்கிற எடத்துல மட்டும் தேட மாட்ட! பசிச்ச நாய் கோயிலுக்கா போகும்?"

தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போனேன். கடைக்குப் பின்னால, மக்கீன் நானா வீட்டுக் குசினி வாசல்ல, வயிறு ஊதிப்போய்ப் படுத்திருந்தான் தொரை. மதினி கூப்பிட்டா, ஒரு கண்ண மட்டும் திறந்தான். பருப்பு ஞாபகம் வந்திருக்கும்.

"நேத்துலருந்து இங்கதான். நீங்கதான் அனுப்பினீங்கன்னு நெனச்சேன்"னு சொன்ன மக்கீன் நானா, ஒரு கோழித்தலைய நீட்டினாரு. "இதக் காட்டுங்க, வருவான்."

மதினி கைக் காப்பப் பாத்தா, நாயப் பாத்தா. காப்புக் கட்டின இடது கைய முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டு, வலது கையால கோழித்தலைய வாங்கினா. "ஆத்தா, கொஞ்சம் அந்தப் பக்கம் பாத்துக்க தாயி"ன்னு வேண்டிக்கிட்டே வீடு வரைக்கும் நடந்தா. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விலா வலி.

சாயங்காலம் கோல் வந்துச்சு. சூட்டியக் காட்டியாச்சு, கதை முடிஞ்சுதுன்னு நான் இருக்க, இவ, "நோனா, நேத்து நான் பொய் சொன்னேன்"னு ஆரம்பிச்சா. நான் கிள்ளக் கிள்ள, ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டு, இடுப்புச் சாவியக் கழட்டி மேசையில வச்சுட்டா.

நோனா முழுசாக் கேட்டாங்க. அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. "பௌர்ணமிப் போயாவுக்கு நான் சில் எடுத்து விரதம் இருந்தா அவனுக்கும் பருப்புச் சோறுதான். அன்னைக்கு அவனும் மக்கீன் வீட்டுக்குத்தான் போவான், பொழுது சாய வந்திருவான். என்னோட ஒரு நாள் விரதத்தத் தாங்குறான். உன்னோட ஒன்பது நாள் அவனுக்கு எப்படி முடியும்?"

அடுத்த கிழமை நோனா திரும்பி வந்தாங்க. மதினி கொத்த நீட்டினா. நோனா அதுலருந்து வாசக்கதவுச் சாவிய மட்டும் கழட்டி அவ கையிலயே திருப்பி வச்சாங்க. "இது உன்கிட்டயே இருக்கட்டும். நான் தனி ஆள். எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா, கதவத் திறந்து வர்றதுக்கு ஒரு ஆள் வேணும்ல?"

திரும்பி வர்ற வழி நெடுக மதினி அந்த ஒத்தச் சாவிய இடுப்பு ஊக்குல மாட்டித் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தா. நானும் அன்னைக்கு அவள வம்புக்கு இழுக்கல.