புளூட்டோவுக்கு வராத வேன்

நெய்யில் ஏலக்காய் மணக்கும் வாசனை... அன்றைக்குப் பண்டிகையும் இல்லை, யாருக்கும் பிறந்தநாளும் இல்லை. ஆனாலும் அடையாறு பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டில் அம்மா காலையிலேயே கேசரி கிளறிக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் அன்று எங்கள் வீடுதான் புளூட்டோ.

சொல்கிறேன்...

நான் படித்தது மயிலாப்பூரில். எட்டாம் வகுப்பில் எங்கள் சயின்ஸ் மிஸ்ஸுக்கு ஒரு யோசனை வந்தது. கண்காட்சிக்குத் தெர்மாகோல் உருண்டைகளைக் கயிற்றில் தொங்கவிடுவதெல்லாம் வேண்டாம், தூரத்தை உள்ளபடி காட்டுவோம் என்றார். பள்ளிக்கூட வாசலில் கல்யாண அண்டா அகலத்துக்கு ஒரு சூரியன். அந்தக் கணக்குக்குப் பூமி ஒரு பட்டாணி, அடுத்த தெருவில். எந்தக் கோள் எவ்வளவு தூரமோ, அங்கே எந்தப் பெண்ணின் வீடு இருக்கிறதோ, அவளுக்கு அந்தக் கோள். விருந்தினர்களை வேனில் ஏற்றி ஒவ்வொரு வீடாகக் காட்டுவதாகத் திட்டம்.

கோயிலைச் சுற்றி வீடு இருந்தவர்களுக்கு வெள்ளி, பூமி, செவ்வாய். மத்தியானம் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சுடுசோறு சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள். பஸ்ஸில் நசுங்கி வந்து ஆறிப்போன எலுமிச்சை சாதம் சாப்பிடும் எனக்கு அவர்கள் மேல் ஏற்கெனவே வயிற்றெரிச்சல்.

ஆனால் அவர்களெல்லாம் ஒன்றுமே இல்லை... ரேகா இருந்தாளே!

ரேகா என் பக்கத்து சீட். அவள் அப்பாவுக்கு மந்தைவெளியில் கூல்டிரிங்ஸ் கடை. அந்தத் தூரத்துக்குச் சனி வந்தது. சாத்துக்குடி அளவில் பந்து, அதற்கு ஜிகினா ஒட்டிய வளையம். மிஸ்ஸே உட்கார்ந்து செய்துகொடுத்தார். சனி கிடைக்கவில்லையே என்று பொறாமைப்பட்ட ஒரே ஆள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு யுரேனஸ், நெப்டியூன் தூரத்தில் யார் வீடும் இல்லை. கம்பத்தில் அட்டை கட்டிவிட்டார்கள்.

"அடையாறு யாரு, நீதானே? நீ புளூட்டோ. வீட்ல கடுகு இருக்கும்ல, ஒண்ணு எடுத்து அட்டையில ஒட்டிக்கோ" என்றார் மிஸ்.

அவ்வளவுதான். ரேகாவுக்கு ஜிகினா, எனக்கு என் வீட்டுக் கடுகு.

"புளூட்டோவுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லையா மிஸ்?"

"இருக்கே. திருவான்மியூர் வரைக்கும் வெறும் ஐஸ் உருண்டைங்க. இப்பதான் ஒண்ணொண்ணா கண்டுபிடிக்கிறாங்க."

ஆனால் அம்மா கடுகைக் குறைவாக நினைக்கவில்லை. பெரிய மனிதர்கள் வீடு தேடி வருகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் நாற்காலி கேட்டு வாங்கினாள். அப்பா டெப்போவில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வாசலைக் கழுவினார். நான் யூனிஃபார்மில், கையில் அட்டையோடு, தெருமுனையில்.

சிக்னலில் ஏதாவது வேன் திரும்பும்போதெல்லாம் வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும். "வர்றாங்களாடி?"

வரவில்லை... வெயில் ஏறியது. கேசரி இறுகியது. அம்மா அதைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, "அவங்களுக்கு இன்னா வேலையோ" என்றாள். நாற்காலிகளை அப்பா ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை ரேகாதான் சொன்னாள். "எங்கப்பா எல்லாருக்கும் ரோஸ்மில்க் குடுத்தாருடி. சீஃப் கெஸ்ட் ரெண்டு கிளாஸ் குடிச்சாரு! அப்புறம் டைமாச்சுன்னு வேனைத் திருப்பிட்டாங்க."

நோட்டீஸ் போர்டில் போட்டோ. எல்லோருக்கும் நடுவில் வளையத்தோடு ரேகா. அந்த வருஷம் முழுக்க நான் அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்தேன்.

பிறகு புளூட்டோவைக் கோளே இல்லை என்று எடுத்துவிட்டார்கள். திருவான்மியூர் வரைக்கும் கிடக்கும் அந்த ஐஸ் உருண்டைகளில் அதுவும் ஒன்றாம். ரேகாவின் சனிக்கு மட்டும் வளையம் அப்படியே இருக்கிறது.

இப்போது ரேகா டொராண்டோவில். குளிர்காலம் வந்தால் எங்கள் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் பனி போட்டோவாக வரும். புளூட்டோ நான், பனி அவளுக்கு! நான் அதே அடையாறில்தான், டெப்போ பக்கத்திலேயே ஒரு ஃபிளாட்டில். மயிலாப்பூர் போகும் வழியெல்லாம் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

போன வாரம் ரேகா குரூப்பில் ஒரு படம் போட்டாள். புளூட்டோ. வெளிறிய மண் நிறத்தில், நடுவில் இதயம் மாதிரி பெரிய பனிப்பரப்பு. 'உன் கடுகைப் பாருடி' என்று எழுதியிருந்தாள்.

நான் விடுவேனா? 'விண்கலம் ஒன்பது வருஷம் ஓடிப் போய் எடுத்த படம். வழியில உன் சனியை எட்டிக்கூடப் பாக்கல!'

உடனே பதில். 'ஆனா உன் வீட்லயும் நிக்கலயே! பாத்துட்டு அப்படியே போயிடுச்சு.'

அவளிடம் ஜெயிக்கவே முடியாது.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள்.

"இதான் நம்ம புளூட்டோவா? யாரு எடுத்தது?"

"அமெரிக்காக்காரங்க வண்டி அனுப்பி எடுத்தாங்கமா."

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கேர்ந்தோ இவ்ளோ தொலைவு வந்துகீது... மயிலாப்பூர்லேர்ந்து வர முடியல பாரு அவங்களுக்கு."