கத்தி படாத வயிறு

என் வீட்டுக்காரர் பெயிண்டர். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு அடிக்கிற வேலை. அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆபரேஷன் ஆன ஆளை மேஸ்திரி கயிற்றில் ஏற்ற மாட்டார். பெல்ட்டை இறுக்கினால் தையல் விட்டுப்போகும், மேலேயே மயக்கம் வரும் என்பார்கள். அந்த ஆளுக்குக் கீழேதான் வேலை. பட்டி கலக்கலாம், உப்புத்தாள் தேய்க்கலாம். கூலியும் குறைவு. அதனால் பெயிண்டர்களிடம் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று யார் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். டாக்டர் கேட்டாலும்தான்.

மழைக்கு முன்னால் இவருக்கு வயிற்றில் கல் என்றார்கள். பித்தம் இறங்குகிற பாதையில் அடைத்துக்கொண்டிருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் ஒரு கீறல் இல்லை. நீலசந்திரா ஏரியாவில் எங்கள் சந்திலிருந்து ஒருத்தரும் பிரெட் வாங்கிக்கொண்டு பார்க்க வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் வாசலிலிருந்து கேட்டாள்.

"இன்னாம்மா, ஆபரேஷனா?"

"இல்லக்கா. டியூப் வுட்டு எடுத்துட்டாங்க."

"அப்ப ஒண்ணும் இல்ல, வுடு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். செக்கப் என்று நினைத்தோம். வலி இல்லை. அவர் போகவில்லை.

சில மாதம் போனது. ஒரு நாள் மத்தியானம் ஆபீஸில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி போன் செய்தார்.

"தங்கச்சி, பயப்படாத. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்துட்டேன். நீ கெளம்பி வா."

பயப்படாதே என்றதும்தான் பயம் வந்தது. கயிறு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தது. உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன்.

கல் எடுத்த ஆஸ்பத்திரி இல்லை இது. வேலை நடந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் விழவில்லை. கட்டிலில் கிடந்தார். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கட்டிலே ஆடியது. இரண்டு கம்பளி போட்டும் நிற்கவில்லை. கண்ணைத் திறந்தார். வெள்ளை இருக்கவேண்டிய இடமெல்லாம் மஞ்சள்.

சின்ன வயசு டாக்டர் ஒருவர் வந்தார். முன்னால் ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டார்.

தலைமாட்டில் மேஸ்திரி நின்றிருந்தார். இவருக்குப் பல் அடித்துக்கொண்டது. அப்போதும் அந்தப் பதில் மட்டும் முந்திக்கொண்டு வந்தது.

"இல்ல சார். கத்தியே பட்டதில்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்றேன். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை.

ஹெல்த் கார்டு நம்பர் கேட்டார். அதையும், போனில் வந்த ஓ.டி.பி. எண்ணையும் சொன்னேன். பழைய ஆஸ்பத்திரியில் எழுதினது இங்கே கம்ப்யூட்டரில் வருமாம். ஆபரேஷன் என்கிற இடத்தைத் திறந்து பார்த்தார். காலி. "ஏனூ இல்ல" என்றார். காமாலையாக இருக்கும், ரத்தம் டெஸ்டுக்குப் போயிருக்கிறது, வரட்டும் என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நர்ஸ் பிரஷர் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். வேகமாக வெளியே போனாள்.

இவர் கண்ணை மூடிக்கொண்டே பேசினார்.

"பக்கெட்ட மூடு. மழ வருது பாரு."

"கெடக்கும்போதும் இவனுக்கு வேல நெனப்பு" என்று மேஸ்திரி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. நான் இவர் காலைப் பிடித்துக்கொண்டேன். கால் சில்லென்று இருந்தது.

நர்ஸ் ஒரு பெரிய டாக்டரம்மாவைக் கூட்டி வந்தாள். வயிற்றில் கை வைத்ததும் இவர் முனகினார். அந்தம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அம்மா, ஆபரேஷன வுடுங்க. வாய் வழியா கொழா ஏதாச்சும் வுட்டாங்களா?"

மேஸ்திரியைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"வுட்டாங்க மேடம். கல்லு எடுத்தாங்க."

அந்தம்மா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். "அது ஆபரேஷன் கீழ வராதும்மா. வெட்டித் தெறந்தா அங்க எழுதுவாங்க. வெட்டாம கொழா வுட்டுப் பண்ணா அது ப்ரொசீஜர். அதுக்கு வேற எடம்" என்றார். சின்ன டாக்டரிடம், "ரெண்டுத்தையும் தெறந்து பாக்கணும்பா" என்றார். அவர் தலையை ஆட்டினார்.

அந்தம்மா வேறொரு இடத்தைத் திறந்தார். படித்தார். படித்து முடித்தும் திரும்பவில்லை. அதுதான் எனக்கு அன்றைக்கு ரொம்பப் பயமான நேரம்.

"கல்ல எடுத்துட்டு, பித்தம் எறங்கறதுக்கு உள்ள சின்னதா ஒரு பிளாஸ்டிக் கொழா வெச்சிருக்காங்க. அத எப்பவோ எடுத்திருக்கணும். இப்ப அடைச்சிகினு சீழ் புடிச்சிருக்கு. இன்னிக்கே எடுக்கணும்."

அவருக்குள் ஒன்று இருந்திருக்கிறது. அதோடு கயிற்றில் தொங்கியிருக்கிறார். என் பக்கத்தில் படுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

ஊசி மருந்து ஏற்றி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. வெளியே நானும் மேஸ்திரியும் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து யார் வந்தாலும் நான் எழுந்தேன். யாரும் என்னைப் பார்த்து வரவில்லை. மறுபடி உட்கார்ந்தேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல, தங்கச்சி."

"சொன்னா கயித்துல ஏத்துவீங்களாண்ணா?"

அவர் கையில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் அழுக்கான குழாயை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் அதையும் எடுக்க வேண்டும். அவருக்கு வலி இல்லை. கண்ணில் மஞ்சள் போய்விட்டது. சாப்பிடுகிறார். அதனால்தான் பயமாக இருக்கிறது. போன தடவையும் இப்படித்தான் இருந்தார்.

எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடம், என்னோடு தரை துடைக்கிறவளிடம், மேஸ்திரியிடம். இவர் வயிற்றில் ஒரு குழாய் இருக்கிறது, நாங்கள் மறந்தால் நீங்கள் சொல்லுங்கள் என்று. மேஸ்திரி இப்போது பட்டி கலக்கத்தான் வைத்திருக்கிறார்.

"ஊருக்கெல்லாம் ஏன்டி தமுக்கு அடிக்கிற?" என்கிறார் இவர். கோபம்தான். இருக்கட்டும்.

பால் கடைக்காரர் காலையில் இவரைப் பார்த்தால் கேட்கிறார்.

"இன்னாண்ணா, கொழா உள்ள பத்திரமா இருக்குதா?"

கடையில் நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள். இவர் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வேகமாக வருகிறார். கடைக்காரர் கேட்க மறந்தால் நான் சந்திலிருந்தே சொல்கிறேன், "இன்னும் எடுக்கலண்ணா."