நான்கெல்லைக்குள் ஓர் உடம்பு

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, போனில் ஒரு குழு நடத்துகிறான். அதில் பேச்செல்லாம் ஒரு வெளிநாட்டுப் பேய்ப்பட வரிசையைப் பற்றித்தான். நான்கு பாகம் வந்திருக்கிறது. நான்கும் தமிழ் பேசுகின்றன. பியானோ பழுதுபார்க்கும் ஒருவன் தூங்கும்போது அவன் உயிர் மட்டும் எழுந்து உலாவப் போய்விடும். அந்த நேரம் பார்த்து, காலியாகக் கிடக்கும் உடம்பில் வேறு எதுவோ குடியேறப் பார்க்கும். நம் சித்தர்கள் கூடுவிட்டுக் கூடு பாய்ந்தபோது இதற்கெல்லாம் பின்னணி இசை கிடையாது.

இரண்டாம் பாகத்தின் கடைசியில் அவன் கண்விழித்து, இடது கையால் காப்பிக் கோப்பையை எடுக்கிறான். அதுவரை அவன் வலது கைக்காரன். படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. திரும்பி வந்தது அவன்தானா? இதை வைத்துத்தான் குழுவில் வருடக்கணக்காக அடித்துக்கொள்கிறார்கள். அனந்தபுரத்து உரக்கடைக்காரர், வந்தவன் முதல் பாகத்தில் நிலைக்கண்ணாடிக்குள் தெரிந்த ஆள் என்கிறார். ஒரு கல்லூரிப் பெண் நான்கு பாகமும் ஒரே கனவு என்று அம்புக்குறி போட்ட படங்களோடு நிரூபித்தாள். மச்சானின் கட்சி எளிமையானது: படமெடுத்த அன்று நடிகனுக்கு வலது கையில் சுளுக்கு.

நான் ஆவண எழுத்தர். செஞ்சியில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே நாற்காலி போட்டு, ஊரார் வாங்கி விற்கும் நிலத்துக்கெல்லாம் பத்திரம் எழுதுகிறவன். உலக இலக்கியமெல்லாம் படித்திருக்கிறேன். எழுதியது என்னவோ, கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வண்டிப்பாதை என்று நான்கெல்லை சொல்லும் இலக்கியம்தான். இந்த அனுபவத்தோடு ஒரு நாள் நானும் குழுவில் ஒரு கட்டுரை எழுதிக் களத்தில் இறங்கினேன்.

என் கட்சி இது. படத்தில் மழை பெய்து கூரை ஒழுகுகிறது. மனைவி அவனைத் தூக்கத்தோடு தூக்கமாக மாடியிலிருந்து இறக்கி, கீழே கூடத்து சோபாவில் போட்டுவிட்டு மேலே போய்ப் படுத்துக்கொள்கிறாள். உயிர் கிளம்பியபோது உடம்புக்குக் கிழக்கே ஜன்னல், மேற்கே அலமாரி, வடக்கே சுவர், தெற்கே மனைவி. திரும்பி வரும்போது நான்கெல்லையும் மாறிக் கிடக்கிறது. எல்லை பொருந்தாத சொத்தில் எந்த உயிர் கால் வைக்கும்? ஆகவே உரியவன் வெளியே நிற்கிறான், உள்ளே இருப்பது ஆக்கிரமிப்பு.

குழு ஆடிப்போய்விட்டது. உரக்கடைக்காரர் என்னை ‘ஐயா’ என்று அழைக்கத் தொடங்கினார். மச்சான் மட்டும், “பேய்கிட்டயே பட்டா கேட்ட ஒரே ஆளு நீதான் மாமா” என்றான்.

அந்தப் புகழில் நான் மிதந்துகொண்டிருந்த நாட்களில்தான் வயிற்றுவலி வந்தது. ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கல். திரும்பிய பக்கமெல்லாம் பாறையாகக் கிடக்கும் ஊரில் பிறந்துவிட்டு, என் பித்தப்பைக்கு மட்டும் விதிவிலக்கு கேட்க முடியாது. விழுப்புரத்தில் ஆபரேஷன் என்று முடிவானது. முழு மயக்கம் கொடுக்கவேண்டும் என்றார்கள்.

மயக்கம் கொடுக்கும் டாக்டர் சின்னப் பெண். “படியேறினா மூச்சு வாங்குமா? உங்க ஊரு கோட்டை ஏறுவீங்களா?” என்று கேட்டார்.

“ஏறுவேன்” என்றேன்.

“கேலண்டர்ல பாத்ததோட சரி டாக்டர்” என்றாள் மனைவி.

நான் பேச்சை மாற்றி, ஆபரேஷன் எங்கே நடக்கும், கண் விழிப்பது எங்கே என்று கேட்டேன். தியேட்டரில் ஆபரேஷன், முடிந்ததும் பக்கத்து அறையில் படுக்க வைப்பார்கள், சாயங்காலம் வார்டு என்றார் டாக்டர். மூன்று இடம். பஸ்ஸில் செஞ்சி வந்து சேரும்வரை மூன்றுக்கும் மனசுக்குள் நான்கெல்லை எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சிரிக்கச் சிரிக்க எழுதுகிறேனே தவிர, பயம் அசலானது. ஐம்பத்திரண்டு வயதுக்காரன் தன் கட்டுரைக்குத் தானே பயந்தான். முதல் தேதியை ஆடி என்று தள்ளினேன். இரண்டாவதை முகூர்த்த நாள், பத்திரம் குவியும் என்று தள்ளினேன். கல் நழுவிப் போய்க் குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வீட்டில் யாருக்கும் தெரியாமல் குழுவில், ‘பொதுவாக ஒரு சந்தேகம்: மயக்கத்தில் இருப்பவரை அறை மாற்றினால் என்ன ஆகும்?’ என்று கேட்டேன். மச்சான் அக்காவுக்குச் சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மச்சான் எதிரே உட்கார்ந்து கீரைக்குப் பதில் என்னை ஆய்ந்துகொண்டிருந்தான்.

“ரெண்டு வாட்டி தேதி தள்ளுனது இதுக்கா?” என்றாள் அவள்.

“மாமா உசுரு வெளிய நின்னுகினு வில்லங்கம் போட்டுப் பாக்கும்க்கா” என்றான் மச்சான்.

“நீ சும்மா இருடா.” அவள் என் பக்கம் திரும்பினாள். “அந்தப் படத்த நானும்தான் பாத்தேன். இன்னா எழுதி இன்னா, கோட்ட விட்டுட்டீங்களே. அவ புருசன எடம் மாத்துனது தப்பே இல்ல. மாத்திட்டு, தனியா உட்டுட்டு மேல போயி தூங்குனா பாருங்க, அதான் தப்பு. தெற்கால பொண்டாட்டின்னு நீங்களே எழுதிருக்கீங்க. அந்த எல்ல கூடவே போயிருந்தா அவன் ஏன் தொலையிறான்?”

மச்சான் போனை எடுத்து அதைக் குழுவில் எழுத ஆரம்பித்தான். இத்தனை வருடத்தில் என் பத்திரத்தில் ஒரு குறை கண்டுபிடித்தவர் யாருமில்லை என்ற பெருமை அன்றோடு போயிற்று.

ஆபரேஷனுக்குப் போனேன். காலையில் பச்சைத்துணி மாட்டி, வண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். தியேட்டர் கதவருகே அவள் குனிந்தாள்.

“எந்த ரூமுக்கு மாத்துனாலும் பின்னாடியே வருவேன். உள்ள உடலன்னா கதவாண்ட நிப்பேன். உடம்பத் தேடிகினு அலையாதீங்க, என்னத் தேடுங்க. நான் இட்டுனு போய் உடறேன்.”

பிறகு ஒன்றுமில்லை. உலாவவும் இல்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. இந்த ஏமாற்றத்தைக் குழுவில் இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

யாரோ கன்னத்தைத் தட்டி எழுப்பினார்கள். தெரியாத கூரை, தெரியாத சுவர், ஒரு பக்கம் ஆக்சிஜன் குழாய், மறுபக்கம் முனகிக்கொண்டிருந்த ஒருவர். என் பத்திரத்தில் இல்லாத எல்லைகள். அப்புறம் கால்மாட்டில் கதவு தெரிந்தது. கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அவள். அது எந்தத் திசை என்று எனக்குத் தெரியாது. தெற்கு என்று வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வார்டில் தண்ணீர் கொடுத்தார்கள். வலது கையில் ஊசி குத்தி மருந்து ஏறிக்கொண்டிருந்ததால் இடது கையை நீட்டி டம்ளரை வாங்கினேன்.

“அக்கா, இடது கை” என்றான் மச்சான், போனில் படமெடுத்தபடி.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வேற யாராவது வந்திருந்தா தேவலன்னுதான் நானும் ஆசையா பாத்தேன்டா. கண்ணத் தொறந்ததும் என் செருப்பு எங்கன்னு அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட சண்டைக்கிப் போச்சாம். இது பழைய ஆளுதான்.”