சேலையூரில் நடந்த கணக்கு வகுப்பு

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடந்தது இதுதான். ஆவி, பேய் என்று யாராவது பேச்சை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பது வருஷம் தாம்பரத்தில் இங்கிலீஷ் டீச்சர், ஞாயிறு தவறாமல் சர்ச், கட்டிக்கொண்டதோ ஒரு கணக்கு வாத்தியாரை. எனக்கு எங்கிருந்து அந்த நம்பிக்கையெல்லாம் வரும், சொல்லுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் ரிட்டயர் ஆனோம். அந்தக் கையோடு சபையில் கேட்டார்கள் என்று அந்தமான் பக்கம் ஒரு சின்னத் தீவுக்கு ஊழியத்துக்குப் போனோம். ஊழியம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். காலையில் ஜெபம், பிறகு தகரக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு அவர் கணக்கு, நான் இங்கிலீஷ், மத்தியானம் கஞ்சி, அப்புறம் அறுந்த பட்டன் தைத்துக் கொடுப்பது, மழைத்தண்ணீரைத் துணியில் வடிகட்டி வைப்பது, அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு நாள் படகு. அது வராவிட்டால் உருளைக்கிழங்கும் கிடையாது, டாக்டரும் கிடையாது.

சேலையூர் வீட்டைப் பக்கத்து வீட்டுக் கலா பார்த்துக்கொண்டாள். அவளுக்கு பேங்கில் வேலை. அவள் மகள் நித்யா அப்போது பத்தாம் வகுப்பு.

அந்த வருஷம் டிசம்பரில் அவருக்கு மலேரியா வந்துவிட்டது. கடல் வேறு கொந்தளிப்பு, படகு நின்றுபோய்விட்டது. மூன்றாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும், கண் மேலே செருகிவிட்டது, மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்க வேண்டிய நிலைமை. திடீரென்று தெளிவாக, கிளாஸில் பேசுகிற அதே குரலில், "அஞ்சாவது கணக்கைப் பாரும்மா, மைனஸை விட்டுட்டியே" என்றார். என்னங்க, என்னங்க என்று உலுக்கினேன், பதிலே இல்லை. ஒரு மணி நேரம் கட்டைபோலக் கிடந்தார். அப்புறம் வேர்த்துக் கொட்டி, ஜுரம் இறங்கி, கண் திறந்து தண்ணீர் கேட்டார். எதுவும் ஞாபகமில்லை என்றார். ஜுரத்தில் பிதற்றியிருக்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

மே மாதம் லீவுக்கு ஊர் வந்தோம். கலா காபி கொண்டுவந்தாள், ஆனால் முகம் சரியில்லை.

"ஏன் ஆன்ட்டி, டிசம்பர்ல சார் வந்துட்டுப் போயிருக்கார், எங்க வீட்டுக்கு ஒரு எட்டு வரக் கூடாதா?"

நான் சிரித்தேன். "டிசம்பர்லயா? எழுந்து நிக்கவே முடியாம கிடந்தாரும்மா."

கலா மகளைக் கூப்பிட்டாள். நித்யா ஒரு கணக்கு நோட்டோடு வந்தாள்.

"செடிக்குத் தண்ணி ஊத்த வந்தேன் ஆன்ட்டி. நான்தான் சாவி போட்டுத் திறந்தேன். பார்த்தா ஹால்ல சார் உக்காந்திருக்கார். பின்பக்கமா வந்திருப்பார்னு நினைச்சேன். நாளைக்கு மேத்ஸ் எக்ஸாம் சார்னேன், நோட்டை எடுத்துட்டு வான்னார்."

வாங்கிப் பார்த்தேன். ஐந்தாவது கணக்கில், விட்டுப்போன இடத்தில், சிவப்பு மையில் ஒரு மைனஸ். சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் 'கவனம்' என்று அவர் கையெழுத்து. முப்பது வருஷமாகப் பேப்பர் கட்டுகளில் நான் பார்த்துப் பழகிய எழுத்து அது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்த நாள்மா அது?"

"கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் ஆன்ட்டி. பதினொன்னு, பதினொன்றரை இருக்கும்."

தீவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் முந்தின நாள் சாயங்காலம்தான் வாசலில் விளக்கு வைத்திருந்தார்கள். அவருக்கு விசிறிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். நாள் எனக்குத் தப்பாது.

உள்ளேயிருந்து வந்து அவர் நோட்டை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "என் எழுத்துதான்" என்றார். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். அதைப் பற்றி இன்றுவரைக்கும் பேசினதில்லை.

நித்யா என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி வரலையா சார்னு கேட்டேன். 'அவ அங்க என் கையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா, விடவே மாட்டேங்கறா, நான் போகணும்'னு சொன்னார். நான் நோட்டைப் பையில வெச்சுட்டுத் திரும்பினா, சேர்ல யாரும் இல்லை."

அந்த ஒரு மணி நேரமும் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அந்த அறையில் எங்களைத் தவிர ஒரு ஆள் கிடையாது. நான் யாரிடமும் சொன்னதும் கிடையாது.

போகணும் என்றாரே, எங்கே? என்னிடம் திரும்பி வரத்தான் என்று ரொம்ப நாள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். நித்யா இப்போது கல்யாணமாகி மேடவாக்கத்தில் இருக்கிறாள். போன வருஷம் பார்க்க வந்தவளிடம், போகணும் என்று அவர் எப்படிச் சொன்னார் என்று கேட்டேன். 

"அன்னிக்கு அம்மா முன்னாடி சொல்ல வேணாம்னு விட்டுட்டேன் ஆன்ட்டி. 'விடவே மாட்டேங்கறா'ன்னு சார் உங்க மேல கோபமாத்தான் சொன்னார்."